கணித ஆசிரியன் தனித்து நிற்றல் தகுமோ?

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியன்னையின் புகழைக் கூறித் தொடங்குதல் நம்மவர் வழக்கம். அவ்வழக்கை யான் குறைகூற வந்தேனல்லேன். ஆயினும், விழாக்காலம் செய்து முடித்தவற்றைப் போற்றுதற்கு உரியதாதல் போலவே, செய்யாது விட்டவற்றை எண்ணுதற்கும் உரியதாகும். ஆதலின், நெடுங்காலமாக என் உள்ளத்திற் கிடந்துவரும் கருத்தொன்றைப் பழைய மாணவர், ஆசிரியர், இந்நாள் மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்கத் துணிகின்றேன். வட மாகாணத்துப் பாடசாலைகளிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குரிய செய்திகளும் வாய்ப்புகளும் அவர்களை எங்ஙனம் சென்றடைகின்றன, எங்ஙனம் சென்றடையாது போகின்றன என்பதே அப்பொருள்.

யாழ்ப்பாணத்திற் கணிதம் ஒருகாலத்தில் ஊரறிந்த பொருளாக இருந்தது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் கணிதமும் வானநூலும் சிறப்பிடம் பெற்றிருந்தன. 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் குறித்து அச்செமினரியின் அதிபர் டானியல் பூவரது கணிப்புக்கும், அராலி விசுவநாத சாஸ்திரியாரது பஞ்சாங்கக் கணிப்புக்கும் இடையே நேரத்திலும் அளவிலும் வேறுபாடு காணப்பட்டது. அவ்வேறுபாடு கற்றோரிடையே பெருவிவாதமாயிற்று. அதன் முடிவை மிசனரிமார் தம் சமயப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தியது வேறு கதை. ஒரு கணக்கின் விடையைப் பற்றி ஊரே பேசியது என்பதே நமக்கு வேண்டியது. அச்செமினரி மூடப்பட்ட 1855ஆம் ஆண்டிலேயே, ஆங்குக் கற்ற கறோல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தைத் தமிழில் நூலாக்கி வெளியிட்டார். அவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர்.

பின்னாளிற் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய செ. சுந்தரலிங்கமும், கேம்பிரிட்சிலே டிராக்கின்கீழ் ஆராய்ச்சி செய்து இலங்கையிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேராசிரியராயிருந்த சி. ஜே. எலியேசரும் இம்மண்ணின் பெயரை வெளியுலகிற்கு அறிவித்தனர். இவர்களைப் பற்றி நாம் ஓயாது பேசுகின்றோம்; பேசுதல் முறையே. ஆனால் இத்தகையோருக்கு முதன்முதலிற் பின்னமும் விகிதமும் கற்பித்த கிராமப் பாடசாலை ஆசிரியர்களின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். கோபுரத்தைக் காண்போர் அத்திவாரத்தைக் காண்பதில்லை. யான் பேச எடுத்துக்கொண்டது அத்திவாரத்தைப் பற்றியது.

இன்று அரசாங்கம் கணித ஆசிரியருக்கு ஒன்றுமே செய்யவில்லையென யாரும் கூறுதல் இயலாது. மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் உண்டு. அது பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் ஆக்குகின்றது, பயிற்சிநெறிகளும் நடத்துகின்றது. கோப்பாயிலும் வவுனியாவிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள. வலயந்தோறும் கணிதத்திற்கென ஆசிரிய ஆலோசகர் பணி உண்டு. பரீட்சைத் திணைக்களம் மாணவர் விடைகளை ஆராய்ந்து மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகின்றது. நாடளாவிய கணித ஒலிம்பியாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் இலங்கை 1995ஆம் ஆண்டு முதலாகப் பங்குபற்றி வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உண்டு. 1991ஆம் ஆண்டிலே, போர்க்காலத்தின் நடுவே தோன்றிய யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் உண்டு. இத்துணை வாய்க்கால்கள் இருந்தும் வயலின் கடைமடைக்கு நீர் பாயவில்லை என்பதே என் முறையீடு.

காரணம் அறிதற்கு அரிதன்று. செய்தி கொழும்பிலிருந்து மாகாணத்திற்கும், மாகாணத்திலிருந்து வலயத்திற்கும், வலயத்திலிருந்து அதிபருக்கும், அதிபரின் மேசையிலிருந்து ஆசிரியருக்கும் சுற்றுநிருபமாய் இறங்கி வருகின்றது. ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் கழிகின்றன. நகர்ப்புறத்துப் பெரிய கல்லூரியில் ஐந்தாறு கணித ஆசிரியர் ஒருங்கிருப்பர். ஒருவர் அறிந்தது இடைவேளைக்குள் மற்றையோர்க்குத் தெரிந்துவிடும். நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ, வன்னியின் உட்கிராமமொன்றிலோ, ஆறாந்தரம் முதற் பதினோராந்தரம் வரை ஒருவரே கணிதம் கற்பிக்கும் பாடசாலையில் நிலைமை வேறு. ஐயமொன்று தோன்றினால் அவர் யாரிடம் கேட்பார்? செயலமர்வு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாண நகரில் என்றால், குறிகாட்டுவானுக்கு வரும் படகையும் அதன்பின் பேருந்தையும் நம்பி அவர் எப்பொழுது வந்து சேர்வார்?

இக்காலத்திற் கைப்பேசியில் வாட்சப் குழுக்கள் உண்டே, செய்தி நொடியிற் பறக்குமே எனச் சிலர் கூறுவர். பறக்கின்றது, மெய்தான். வாழ்த்துப் படங்களும் வதந்திகளும் மாதிரி வினாத்தாள்களும் ஒரே வெள்ளமாய்ப் பாய்வதில், ஆசிரியர் ஒருவருக்கு உண்மையிற் பயன்படும் அறிவித்தல் எது, அதற்கு விண்ணப்பிக்கும் இறுதிநாள் எது எனத் தெரிந்தெடுத்துக் கூறுவார் இல்லை. செய்தி மிகுதியாற் செய்தி மறைந்துபோதல் நம் காலத்துப் புதுமை.

நிற்க. தனித்திருக்கும் ஆசிரியனால் மாணவர்க்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை என் அனுபவம் ஒன்றாற் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் தீவகத்துப் பாடசாலையொன்றில் யான் ஒருவனே கணித ஆசிரியனாய் இருந்தேன். எட்டாந்தரத்து மாணவன் ஒருவன், ‘மறை எண்ணை மறை எண்ணாற் பெருக்கினால் நேர் எண் வருவது ஏன், சேர்?’ என வினவினான். ‘அது விதி, பாடமாக்கு’ என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். ஏழு ஆண்டுகள் அவ்விடையையே வகுப்புத்தோறும் கூறிவந்தேன். பின் ஒருநாள், தற்செயலாகப் பங்குபற்ற நேர்ந்த கருத்தரங்கொன்றில், வடமராட்சியிலிருந்து வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் நான்கு வரி எழுதினார். மறை இரண்டை மூன்றாற் பெருக்கினால் மறை ஆறு. இரண்டாற் பெருக்கினால் மறை நான்கு. ஒன்றாற் பெருக்கினால் மறை இரண்டு. பூச்சியத்தாற் பெருக்கினாற் பூச்சியம். ‘பெருக்கும் எண் ஒவ்வொன்றாய்க் குறைய, விடை இரண்டிரண்டாய்க் கூடி வருகின்றது. அடுத்தபடி மறை ஒன்றாற் பெருக்கினால் என்ன வரும்? பிள்ளைகளையே கேளுங்கள், நேர் இரண்டு என்று அவர்களே சொல்வார்கள்’ என்றார். யான் தலைகுனிந்தேன். அவ்விளக்கத்தை அறிவதற்குப் பட்டமோ பெருநூலோ வேண்டியதில்லை. அதை அறிந்த இன்னோர் ஆசிரியரோடு அரைமணி நேரம் பேசும் வாய்ப்பு மாத்திரமே வேண்டியிருந்தது. அவ்வாய்ப்பு எனக்குக் கிட்டாத ஏழாண்டுக் காலத்தில் என்னிடம் பயின்ற பிள்ளைகள், கணிதம் என்பது காரணமின்றி மனனம் பண்ணும் கட்டளைத் தொகுதி என்றே எண்ணிப் போயினர். அவர்களுட் சிலர் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையிற் கணிதத்தில் தவறினர். அரசாங்க வேலைகள் பலவற்றிற்கு விண்ணப்பிக்கவும் அப்பாடத்திற் சித்தி வேண்டும் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு அடைபட்ட கதவுகளில் ஒரு பங்கு என்னாலும் அடைபட்டது.

பாடத்திட்டமும் ஓரிடத்தில் நிற்பதன்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு அது மாறிற்று. 2000ஆம் ஆண்டளவில் உயர்தரத்திலே தூய கணிதமும் பிரயோக கணிதமும் ஒன்றாகி இணைந்த கணிதமாயின. 2007ஆம் ஆண்டில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. 2026ஆம் ஆண்டில் முதலாந்தரத்திலிருந்து மீண்டுமொரு சீர்திருத்தம் தொடங்கியுள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்னறிவு பெற்ற ஆசிரியன் ஆயத்தமாகின்றான்; பெறாதவன் தடுமாறுகின்றான்; அத்தடுமாற்றத்தின் விலையை மாணவன் செலுத்துகின்றான்.

தமிழ்மொழி மூலம் கற்பிப்போர்க்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த சுவாமி விபுலானந்தர் 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அவ்வழியில் வந்த சொற்செல்வம் நமக்குப் பெரிது. ஆயினும் காலப்போக்கில் ஈழத்து வழக்கும் தமிழகத்து வழக்கும் பிரிந்து சென்றன. நாம் அட்சரகணிதம் என்பதை ஆங்கு இயற்கணிதம் என்பர். நமது தொடை அவர்க்குக் கணம். நமது தாயம் அவர்க்கு அணி. நமது காவி அவர்க்குத் திசையன். நமது பெறுதி அவர்க்கு வகைக்கெழு. தமிழகத்துப் பாடநூல்கள் இன்று இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கின்றன. அவற்றிற் சிறந்த பயிற்சிகள் பல உள. ‘கணம்’ என்றால் தொடை என்பதை அறியாத இளம் ஆசிரியை ஒருத்தி முதலிரு பக்கங்களிலேயே அந்நூலை மூடிவைத்துவிடுவாள். இரு வழக்கையும் நிரையாய்க் காட்டும் பத்துப் பக்க அட்டவணை ஒன்று அவளுக்கு ஒரு நூலகத்தையே திறந்துவிடும். அவ்வட்டவணையை ஆக்கி ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்புவதை யாரும் தம் கடனாக ஏற்றிலர்.

இவ்விடத்து, நமக்கு அயலிலே நிகழ்ந்த வரலாறு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். 1907ஆம் ஆண்டிலே, சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த வி. இராமசுவாமி ஐயர் என்பார், கணிதத்தில் ஈடுபாடுடையோர் ஊருக்கொருவராய்ச் சிதறிக்கிடப்பதையும், நூலும் சஞ்சிகையும் அவர்க்குக் கிட்டாமையையும் கண்டு, ஒரு சங்கம் அமைத்தார். உறுப்பினர் சந்தா செலுத்துவர். அப்பணத்தில் வெளிநாட்டுக் கணித சஞ்சிகைகள் தருவிக்கப்படும். அவை தபால் மூலம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சுற்றிவரும். அவ்வளவே திட்டம். பின்னர் அச்சங்கம் இந்தியக் கணிதச் சங்கமாகித் தனக்கென ஒரு சஞ்சிகையும் நடத்திற்று. 1910ஆம் ஆண்டிலே, பட்டமும் வேலையும் இல்லாத ஓர் இளைஞர் கையிற் குறிப்பேட்டுடன் திருக்கோவிலூரில் இராமசுவாமி ஐயரைத் தேடி வந்தார். ஐயர் அக்குறிப்பேட்டின் தகுதியை உணர்ந்து, சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். மறுவருடம் அச்சங்கத்துச் சஞ்சிகையில் அவ்விளைஞரின் முதற் கட்டுரை வெளியாயிற்று. அவரே சீனிவாச இராமானுசன். மேதை பிறப்பது இறைவன் செயல்; பிறந்த மேதைக்கு வழிகாட்டச் சங்கமொன்று ஆயத்தமாயிருந்தது மனிதர் செய்த செயல்.

பாடசாலை ஆசிரியர்க்கெனத் தனியே சங்கங்கள் அமைத்தோரும் உளர். இங்கிலாந்திலே கேத்திரகணிதம் கற்பிக்கும் முறையைத் திருத்துவதற்கென ஆசிரியர்கள் 1871ஆம் ஆண்டில் அமைத்த சங்கமே பின்னர் 1897இற் கணிதச் சங்கம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் 1965ஆம் ஆண்டிலே தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சஞ்சிகைகள் வெளியிட்டுத் திறன்காண் பரீட்சைகளும் நடத்தி வந்துள்ளது. இவற்றுள் எதுவும் அரசாங்கத்தின் கட்டளையாற் பிறந்ததன்று. தம் தொழிலைத் தாமே மேம்படுத்த வேண்டுமென ஆசிரியர் கருதியதனாற் பிறந்தவை.

ஆதலின் என் பிரேரணை இது. இவ்விழாவின் நினைவாக, எமது கல்லூரியின் ஆதரவில் வட மாகாணக் கணித ஆசிரியர் மன்றம் ஒன்று தோன்றுதல் வேண்டும். அது எமது கல்லூரியின் உடைமையாயிராது, மாகாணத்துக் கணித ஆசிரியர் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். அதன் பணிகளாக நான்கைக் கூறுவேன்.

முதலாவது, தவணைக்கு ஒருமுறை ஒரு செய்திமடல். பாடத்திட்ட மாற்றம், பயிற்சிநெறி, புலமைப்பரிசில், ஒலிம்பியாட்டு, விண்ணப்ப இறுதிநாள் ஆகியவை அதில் ஒரு பக்கத்தில் தெளிவாய் அமையவேண்டும். பரீட்சை மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து மாணவர் பெரிதும் தவறும் இடமொன்றும், அதனைத் திருத்தும் வழியும் இன்னொரு பக்கத்தில் வரவேண்டும். எஞ்சிய பக்கங்கள் வகுப்பிலே வெற்றிபெற்ற பாடங்களுக்கு உரியன. a, b ஆகியவற்றின் கூட்டுத்தொகையை வர்க்கிக்கும்போது நடு உறுப்பை விட்டுவிடும் பிழையை ஒரு சதுரம் வரைந்து நீக்கிய ஆசிரியரும், ‘ஒரு பரப்புப் பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்’ என்ற நம்மூர்க் காணி அளவைக்கொண்டு விகிதம் விளக்கிய ஆசிரியரும், துலாக் கிணற்றைக் காட்டித் திருப்பத்தைக் கற்பித்த ஆசிரியரும் தத்தம் முறையை எழுதட்டும். மடல் அச்சிலும் வரவேண்டும், கைப்பேசியிலும் வரவேண்டும். அதிபரின் பெயருக்கன்றிக் கணித ஆசிரியரின் பெயருக்கே செல்லவேண்டும்.

இரண்டாவது, தவணைக்கு ஒரு கூட்டம். அஃது என்றும் எமது கல்லூரி மண்டபத்திலேயே நடைபெறுமாயின் பழைய குறையே தொடரும். ஒருமுறை ஊர்காவற்றுறை, ஒருமுறை சாவகச்சேரி, ஒருமுறை பருத்தித்துறை, பின்னர் கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா என அது சுற்றிவரட்டும். நகரத்து ஆசிரியர் ஒருநாட் பயணம் செய்து பார்த்தால், மற்றையோர் எந்நாளும் செய்யும் பயணத்தின் அருமையை உணர்வர்.

மூன்றாவது, ஒரு சிறு நிதி. தொலைவிலிருந்து வரும் ஆசிரியர்க்குப் பயணச்செலவும் ஓரிரவு தங்குமிடமும் அதிலிருந்து கொடுக்கப்படவேண்டும். இராமசுவாமி ஐயர் செய்தவாறே சஞ்சிகைகளைத் தருவித்துச் சுற்றுக்கு விடுதலும் அந்நிதியின் கடனாகும்.

நான்காவது, மேற்கூறிய சொல் அட்டவணையும், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாத்திரம் கிடைக்கும் பயனுள்ள பகுதிகளின் தமிழாக்கமும். இளைப்பாறிய ஆசிரியரும் பொறியியலாளரும் கணக்காளருமாய்ப் பழைய மாணவர் பலர் உலகெங்கும் உளர். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்கள் ஈந்தாற் போதும்.

இதற்குத் தடை கூறுவோர் உளர். ‘எமது கல்லூரியின் பணத்தை எமது மாணவர்க்கே செலவிடாது, பரீட்சையில் எம்மோடு போட்டியிடும் பிற பாடசாலைகளின் ஆசிரியர்க்கு ஏன் கொடுத்தல் வேண்டும்?’ என்பர். இக்கேள்விக்கு விடை நம் நிறுவகர் வரலாற்றிலேயே உண்டு. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான் ஒரு பாடசாலையோடு நின்றாரல்லர். 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்கள்தோறும் பாடசாலை அமைத்தது. அவர்கள் தம் வாயிலுக்கு வந்த பிள்ளையை மாத்திரம் எண்ணியிருந்தால், நம்மிற் பலரின் பாட்டனார் எழுத்தறிந்திருக்க மாட்டார். அன்றியும், எமது கல்லூரிக்கு உயர்தரம் கற்க வரும் மாணவருட் பலர் அயற் பாடசாலைகளிலிருந்தே வருகின்றனர். ஊற்றைப் பேணாது குளத்தைப் பேணுதல் இயலாது.

‘ஆசிரியர்க்கு நேரமேது? மாலையிற் தனியார் கல்வி நிலையங்களிலன்றோ அவர்கள் இருப்பர்?’ என்பது இரண்டாவது தடை. அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. அதனை மறைத்தலாற் பயனில்லை. நல்ல விளக்கங்கள் பல இன்று கட்டணம் செலுத்துவோரின் கொப்பிகளிலேயே அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் தனியார் கல்வி நிலையமே இல்லாத ஊர்களின் ஆசிரியரைக் குறித்தே யான் முதன்மையாய்ப் பேசுகின்றேன். அவர்களின் மாணவர்க்கு அவர்களை விட்டால் வேறு வழியில்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று எழுந்து நிற்கின்றது. அதன் மதிலுக்கு அப்பாலுள்ள கிராமத்துப் பிள்ளை அதன் வாயிலினூடே மாணவனாய் நுழைவானா, கூலியாளாய் நுழைவானா என்பது, அவன் எட்டாந்தரத்திற் கேட்ட ‘ஏன்?’ என்ற வினாவிற்கு என்ன விடை கிடைத்தது என்பதையும் பொறுத்தது.

‘இஃது அரசாங்கத்தின் வேலை’ என்பது மூன்றாவது தடை. அரசாங்கத்தின் வேலைதான். அதைச் செய்யுமாறு கேட்கும் உரிமையை நாம் விடவேண்டியதில்லை. வலய அலுவலகங்களோடும் ஆசிரிய ஆலோசகர்களோடும் மன்றம் கைகோத்தே இயங்கவேண்டும். ஆயினும், அரசாங்கம் செய்யும்வரை காத்திருந்தால், இவ்வாண்டு எட்டாந்தரத்தில் இருக்கும் பிள்ளை பாடசாலையை விட்டே போய்விடுவான்.

கொழும்பிலும் இலண்டனிலும் றொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் பணத்தால் எழும் மண்டபங்களும் விளையாட்டரங்கப் படிகளும் கண்ணுக்கு இனியன. அவற்றிற் பெயர் பொறித்த கல்லும் பதிக்கலாம். யான் கேட்கும் மன்றத்திற் பெயர்க்கல் பதிக்கச் சுவர் இல்லை. மண்டபமொன்றின் செலவில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். நம் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மேசை இழுப்பறையிலுள்ள பாடக்குறிப்புகளிற் சிறந்த ஒன்றை முதல் மடலுக்குத் தாருங்கள். மாணவத் தம்பிமாரே, விதி என்று சொல்லப்பட்ட ஒன்றிற்குக் காரணம் கேட்க அஞ்சாதீர்கள். உங்கள் கேள்வியே உங்கள் ஆசிரியரை வேறோர் ஆசிரியரிடம் அனுப்பும்.

என்னிடம் அன்று கேள்வி கேட்டு விடையின்றி அமர்ந்த மாணவன் இன்று எங்குளனோ, அறியேன். அவனுக்கு யான் பட்ட கடனை இனி அவனிடம் தீர்க்க இயலாது. அவன் அமர்ந்த வாங்கில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் தீர்க்கலாம். அதற்கு எம் கல்லூரியன்னை துணைநிற்பாளாக.

— பழைய மாணவன் ஒருவன்